மச்சான் கொடுத்த டப்பாவும் எல்டிஎல் 158-ம்

கேள்வி: வணக்கம் டாக்டர். வயது 47, கரூரில் ஒரு டெக்ஸ்டைல் கம்பெனியில் அக்கவுண்ட்ஸ் பார்க்கிறேன். போன மாதம் மாஸ்டர் செக்கப் செய்ததில் மொத்தக் கொலஸ்டிரால் 238, எல்டிஎல் (கெட்ட கொலஸ்டிரால்) 158, எச்டிஎல் (நல்ல கொலஸ்டிரால்) 41, ட்ரைகிளிசரைடு 195, எச்பிஏ1சி (மூன்று மாதச் சர்க்கரை சராசரி) 6.1 என்று வந்திருக்கிறது. அதே ரிப்போர்ட்டில் சீரம் செலினியம் (ஒரு தாதுச்சத்தாம்) 246 என்று போட்டு, அதிகம் என்று சிவப்பில் காட்டியிருக்கிறார்கள். அமெரிக்காவில் இருக்கும் மச்சான் வாங்கி வந்த செலினியம் 200 கேப்ஸ்யூலை எட்டு மாதமாகச் சாப்பிடுகிறேன். கூடவே ஒரு மல்டிவிட்டமின், காலையில் இரண்டு மூன்று பிரேசில் நட்ஸ். செலினியம் கூடினால் கொலஸ்டிராலும் கூடும் என்று ஒரு கட்டுரையில் படித்தேன். மருந்துக்கடைக்காரரோ, அது இதயத்துக்கு நல்லது, கொழுப்பைக் கரைக்கும் என்கிறார். யாரை நம்புவது? உள்ளூர் டாக்டர் கொலஸ்டிராலுக்கு அட்டோர்வாஸ்டாட்டின் 10 எழுதிக் கொடுத்தார், இன்னும் வாங்கவில்லை. செலினியத்தை நிறுத்தினாலே கொலஸ்டிரால் இறங்கிவிடும் என்றால் அந்த மாத்திரை எதற்கு? (அப்பாவுக்கு 54 வயதில் மாரடைப்பு வந்தது. எனக்கு இப்போது நகம் வேறு அடிக்கடி உடைகிறது, கால்சியம் குறைவாக இருக்குமோ?)

பதில்:

கடிதத்திலேயே முக்கியமான இரண்டு விஷயங்களைக் கடைசியில் அடைப்புக்குறிக்குள் தள்ளிவிட்டீர்கள். அப்பாவின் 54 வயது ஒன்று, உடைகிற நகம் இன்னொன்று. முதலாவது உங்கள் கொலஸ்டிராலைப் பற்றியது, இரண்டாவது உங்கள் செலினியத்தைப் பற்றியது. நீங்கள் இந்த இரண்டையும் முடிச்சுப் போட்டுக் கேட்கிறீர்கள், நான் அந்த முடிச்சைக் கொஞ்சம் அவிழ்க்கப் பார்க்கிறேன்.

சுருக்கமான பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், இந்த மாதிரி நீளமான பதில்களைப் பலர் பாதியில் விட்டுவிடுவார்கள் என்று எனக்குத் தெரியும். செலினியம் கேப்ஸ்யூலை இன்றைக்கே நிறுத்துங்கள். ஆனால் கொலஸ்டிரால் இறங்கும் என்ற எதிர்பார்ப்பில் நிறுத்தாதீர்கள், அது தனியாக வேறு காரணத்துக்காக நிறுத்த வேண்டியது. அட்டோர்வாஸ்டாட்டினைப் போய் வாங்குங்கள்.

சரி, இப்போது கணக்கு. அக்கவுண்ட்ஸ் பார்க்கிறவர் என்பதால் உங்களுக்கு இது பிடிக்கும். கேப்ஸ்யூல் 200 மைக்ரோகிராம். அமெரிக்க மல்டிவிட்டமின் என்றால் அதற்குள்ளும் செலினியம் இருக்கும், லேபிளைத் திருப்பிப் பாருங்கள், பெரும்பாலும் 50-ஐ ஒட்டி இருக்கும். பிரேசில் நட்ஸ்தான் இதில் பெரிய ஆள். உலகத்தில் நாம் சாப்பிடுகிற எந்தப் பொருளிலும் அந்தக் கொட்டையில் இருக்கிற அளவு செலினியம் இல்லை. மரம் நிற்கிற மண்ணைப் பொறுத்து மிகவும் மாறும் என்றாலும், ஒரு கொட்டைக்கு 70 முதல் 90 மைக்ரோகிராம் என்று கணக்கு வைப்பார்கள். மூன்று கொட்டை என்றால் 200-க்கு மேல். ஆக, நீங்கள் சோறு, குழம்பு, முட்டை, மீன் எதையும் தொடுவதற்கு முன்பே 450-ஐத் தாண்டியாகிவிட்டது. ஒரு பெரியவருக்கு ஒரு நாளைக்குத் தேவை என்று நம் நாட்டில் சொல்வது 40, அமெரிக்காவில் 55. தாண்டவே கூடாத மேல்வரம்பு என்று அமெரிக்காவில் வைத்திருப்பது 400. ஐரோப்பாவில் 2023-ல் அதையும் குறைத்து 255 ஆக்கிவிட்டார்கள், அதற்கு அவர்கள் எடுத்துக்கொண்ட முதல் அறிகுறி முடி கொட்டுவது. உங்கள் ரத்தத்தில் 246 எங்கிருந்து வந்தது என்பதற்கு இதைவிட விளக்கம் வேண்டாம்.

இதில் யாரும் தப்பு செய்ததாக எனக்குத் தோன்றவில்லை. மச்சான் அன்பாகக் கொண்டு வந்து கொடுத்தது, கொட்டை யாரோ நல்லது என்று சொன்னது, மல்டிவிட்டமின் நீங்களாக ஆரம்பித்தது. மூன்றும் தனித்தனியாகப் பார்த்தால் நியாயம்தான். கூட்டிப் பார்க்கத்தான் ஆள் இல்லை.

இனி அந்தக் கட்டுரை. நீங்கள் படித்தது பொய் இல்லை. அமெரிக்காவில் 2003-04-ல் நடந்த தேசிய உடல்நலக் கணக்கெடுப்பில் 40 வயதைத் தாண்டியவர்களின் ரத்தத்தை எடுத்துப் பார்த்தார்கள். சீரம் செலினியத்தை வைத்து அவர்களை நான்கு பங்காகப் பிரித்தபோது, மேல் கால்பங்கில் இருந்தவர்களுக்குக் கீழ்க் கால்பங்கில் இருந்தவர்களைவிட மொத்தக் கொலஸ்டிரால் சராசரியாக 13 மில்லிகிராம் கூடுதல். வயது, எடை, புகை எல்லாவற்றையும் கணக்கில் கழித்த பிறகும் இந்த வித்தியாசம் நின்றது. பிரிட்டனிலும் 2000-01 உணவுக் கணக்கெடுப்பில் 19 முதல் 64 வயது வரை ஆயிரத்துச் சொச்சம் பேரைப் பார்த்ததில் இதே கதை, வித்தியாசம் நம் அளவில் 15 மில்லிகிராம்.

இதைப் படித்தவுடனே ‘அப்போ செலினியம்தான் கொலஸ்டிராலை ஏற்றுகிறது’ என்று மனசு தாவும். எனக்கும் தாவியது. ஆனால் இரண்டு நாட்டு எண்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். பிரிட்டன்காரர்களின் ரத்தத்தில் சராசரி செலினியம் 87-ஐ ஒட்டி. அமெரிக்காவில் சராசரியே 137, அங்கே ‘குறைவு’ என்று ஒதுக்கிய கீழ்க் கால்பங்கு 124 வரை போகிறது. அதாவது பிரிட்டனில் சராசரி ஆளை அமெரிக்காவுக்குக் கூட்டிப் போனால், செலினியம் குறைந்தவர்களின் வரிசையில் கடைசியில் நிற்பார். செலினியமே நேரடியாகக் கொலஸ்டிராலைத் தூக்குகிறது என்றால் ஒரு குறிப்பிட்ட அளவுக்கு மேல் போனால் தூக்கும் என்று எதிர்பார்க்கலாம். இங்கேயோ அளவு எங்கே இருந்தாலும், அந்தந்த ஊரில் அதிகம் உள்ளவருக்குக் கொலஸ்டிராலும் அதிகம். எனக்கு இது சொல்வது, அந்தந்த ஊரில் நன்றாகச் சாப்பிடுகிறவர் யார் என்பதைத்தான். செலினியம் வருவது இறைச்சி, மீன், முட்டை, கோதுமை இவற்றிலிருந்து. இவற்றில் பாதி ஐட்டம் கொழுப்பையும் கூடவே கொண்டு வருகிறது.

உங்கள் ஊரிலேயே உதாரணம் இருக்கிறது. சாயங்காலம் கடையில் நின்று தட்டுவடை நொறுக்கிப் போட்ட முட்டைக் கரம் சாப்பிடுகிறீர்களே (கரூரில் இருந்துகொண்டு சாப்பிடாதவர் என்றால் மன்னிக்கவும்), அதில் போடுகிற ஒரு முட்டையில் 15 மைக்ரோகிராம் செலினியம் இருக்கும். வாரத்தில் ஐந்து நாள் கரம் சாப்பிடுகிறவருக்குச் சாப்பிடாதவரைவிட செலினியமும் கொஞ்சம் கூடும், அந்த எண்ணெயிலும் தட்டுவடையிலும் ட்ரைகிளிசரைடும் கூடும். ரத்தத்தை மட்டும் பார்க்கிறவருக்கு இரண்டு எண்ணும் சேர்ந்து ஏறுவது தெரியும், கடை தெரியாது.

இன்னொரு பக்கம் உடம்புக்குள்ளேயே ஒரு காரணம் இருக்கிறது. குடலில் உறிஞ்சிய செலினியத்தைக் கல்லீரல் வாங்கி, செலினோபுரோட்டீன் பி என்ற ஒரு புரதத்தில் வைத்து ரத்தத்தில் அனுப்புகிறது. கொலஸ்டிராலை ஏற்றிக்கொண்டு கிளம்புகிற வண்டிகளைக் கட்டி அனுப்புவதும் அதே கல்லீரல்தான். சர்க்கரை நோய்க்கு முந்தைய நிலையிலும் கல்லீரலில் கொழுப்பு படியும்போதும் இந்த இரண்டு வேலையிலும் கணக்கு மாறும். உங்கள் எச்பிஏ1சி 6.1, ட்ரைகிளிசரைடு 195, எச்டிஎல் 41 மூன்றையும் சேர்த்துப் பார்த்தால் உங்கள் கல்லீரல் அந்தப் பக்கம் சாயத் தொடங்கியிருக்கிறது என்றே நினைக்கிறேன். அல்ட்ராசவுண்ட் அந்த பேக்கேஜில் இருந்திருந்தால் ‘கிரேடு 1 ஃபேட்டி லிவர்’ என்று ஒரு வரி இருக்கிறதா பாருங்கள். அந்த வரியை யாரும் சிவப்பில் காட்ட மாட்டார்கள், செலினியத்தைக் காட்டுவார்கள். என்ன செய்வது.

பின்லாந்துக் கதையையும் சொல்லாமல் விட மனசில்லை. அந்த நாட்டு மண்ணில் செலினியம் மிகக் குறைவு. 1980-களின் நடுவில் அரசாங்கமே உரத்தில் செலினியம் கலக்க வேண்டும் என்று விதி போட்டது, உலகத்தில் வேறு யாரும் நாடு முழுக்க அப்படிச் செய்ததில்லை. சில வருடத்தில் ஜனங்களின் ரத்தத்தில் செலினியம் நன்றாக ஏறிவிட்டது. அதே காலத்தில் அங்கே கொலஸ்டிரால் இறங்கிக்கொண்டே போனது. அமெரிக்கக் கணக்கெடுப்பை மட்டும் படித்தவர் இதை எதிர்பார்த்திருக்க மாட்டார். இதை மட்டும் படித்தவரோ செலினியம் கொழுப்பைக் கரைக்கிறது என்று சத்தியம் செய்வார், உங்கள் மருந்துக்கடைக்காரர் மாதிரி. உண்மையில் அந்த இறக்கம் உரத்துக்கு முன்பே தொடங்கிவிட்டது. 1972-ல் வடக்கு கரேலியா என்ற மாகாணத்தில் பெக்கா புஸ்கா என்ற மருத்துவர் தலைமையில் ஒரு திட்டம் ஆரம்பித்து, ரொட்டிக்கு வெண்ணெய் தடவுவதையும் கொழுப்பு எடுக்காத பால் குடிப்பதையும் குறைக்க வைத்தார்கள். கொலஸ்டிரால் இறங்கியது வெண்ணெயால்.

அப்படியானால் செலினியத்தைக் கொடுத்தே பார்த்தால் என்ன என்று கேட்பீர்கள். கொடுத்துப் பார்த்திருக்கிறார்கள், அதுதான் நமக்கு வேண்டிய விடை. பிரிட்டனில் 60 முதல் 74 வயது வரை 501 பேர். யாருக்கு எது என்று தெரியாமல் சிலருக்கு வெறும் ஈஸ்ட், மற்றவர்களுக்கு 100, 200, 300 மைக்ரோகிராம் செலினியம் ஏற்றிய ஈஸ்ட், ஆறு மாதம். 2011-ல் முடிவு வந்தது. 100 எடுத்தவர்களுக்கு மொத்தக் கொலஸ்டிரால் எட்டரை மில்லிகிராம் போல இறங்கியது, 200-க்கு ஒன்பதரை, 300-க்கு அந்த இறக்கம் சொல்லும்படி இல்லை, ஆனால் எச்டிஎல் கொஞ்சம் ஏறியது. கவனியுங்கள், மொத்தக் கொலஸ்டிரால் ஏறவில்லை, இறங்கியது. செலினியம் கொலஸ்டிராலை ஏற்றிவிடும் என்ற பயத்துக்கு இது நேர் எதிர். மருந்துக்கடைக்காரர் இந்த இடத்தில் எழுந்து நின்று கைதட்டலாம், ஆனால் உட்காரச் சொல்லுங்கள், அடுத்த வரி இருக்கிறது. டென்மார்க்கில் ஏறக்குறைய அதே வயதுக்காரர்களுக்கு, அதே மூன்று அளவுகளில், ஐந்து வருடம் கொடுத்தார்கள். கொலஸ்டிராலில் சொல்லும்படி ஒன்றும் நடக்கவில்லை. அதோடு போகவில்லை. மாத்திரையை நிறுத்திய பிறகும் பத்து வருடம் அவர்களைத் தொடர்ந்து கவனித்ததில், 300 எடுத்த குழுவில் இறந்தவர்கள் அதிகம். நீங்கள் எடுப்பது 450-க்கு மேல் என்று மேலே கூட்டியதை ஒருமுறை திரும்பிப் பாருங்கள்.

ஆக, ஒருமுறை ஒன்பது மில்லிகிராம், அடுத்த முறை ஒன்றுமில்லை. 238-ல் ஒன்பது என்பது எவ்வளவு? இன்றைக்கு ஒரு லேபில் கொடுத்துவிட்டு அடுத்த வாரம் இன்னொரு லேபில் கொடுத்தாலே அந்த அளவு ஏறி இறங்கி வரும். அதுவும் அந்த ஒன்பது கிடைத்தது 89, 90 என்று செலினியம் குறைவாக இருந்தவர்களுக்கு. உங்கள் 246-க்கு இனி மேலே கொட்டினால் வழிந்துதான் போகும்.

அட்டோர்வாஸ்டாட்டின் 10 என்ன செய்யும் தெரியுமா? எல்டிஎல்லை 35 முதல் 40 சதவீதம் இறக்கும். உங்கள் 158 ஆறேழு வாரத்தில் நூறுக்குப் பக்கத்தில் வந்து நிற்கும். அந்த மாத்திரை எதற்கு என்று கேட்டீர்களே, இதற்குத்தான். அப்பாவுக்கு 55 வயதுக்குள் மாரடைப்பு வந்திருந்தால் அதை நாங்கள் குடும்ப வரலாற்றில் சும்மா எழுதி வைப்பதில்லை, மகனுக்கு மருந்து எப்போது தொடங்குவது என்ற முடிவையே அது மாற்றும். உங்கள் ஊர் டாக்டர் அதைக் கேட்டுத்தான் எழுதியிருப்பார். நீங்கள் அவரை விட்டுவிட்டு எனக்குக் கடிதம் எழுதியதில் சந்தோஷம்தான், ஆனால் அவர் சொன்னதைத்தான் நானும் சொல்லப் போகிறேன்.

மாத்திரை ஆரம்பித்தால் தொடை, தோள் தசைகளில் வலி வருகிறதா என்று பாருங்கள், வந்தால் நீங்களாக நிறுத்தாமல் அவரிடம் சொல்லுங்கள். தொடங்கும் முன் கல்லீரலுக்கான எஸ்ஜிபிடி பரிசோதனை ஒன்று இருக்கட்டும், உங்கள் செக்கப்பிலேயே இருக்கும். அப்புறம் தைராய்டுக்கான டிஎஸ்எச் பரிசோதனை. இதை எல்லா கொலஸ்டிரால்காரர்களிடமும் சொல்வேன். தைராய்டு மந்தமாக இருந்தால் எல்டிஎல் தானாக ஏறும், அதைச் சரிசெய்தால் இறங்கும். தைராய்டு ஹார்மோனை முடுக்கிவிடுகிற என்சைமில்கூட செலினியம் இருக்கிறது என்பதால்தான் நிறையப் பேர் தைராய்டுக்கு என்று செலினியம் வாங்கி விழுங்குகிறார்கள். ஏற்கெனவே போதுமான அளவு இருக்கிறவருக்கு அந்த என்சைம் கூடுதலாக வேலை செய்யாது. வண்டியில் டேங்க் நிறைந்த பிறகு பெட்ரோல் ஊற்றினால் வேகம் கூடாது, தரைதான் நனையும்.

ஸ்டாட்டின் (அட்டோர்வாஸ்டாட்டின் வகை மருந்து) எடுக்கிறவர்கள் செலினியமும் சேர்த்து எடுக்க வேண்டும் என்று எங்காவது படிப்பீர்கள், முன்கூட்டியே சொல்லி வைக்கிறேன். உடம்பு கொலஸ்டிரால் தயாரிக்கிற அதே பாதையிலிருந்துதான் செலினியப் புரதங்களைக் கட்டுவதற்குத் தேவையான ஒரு சின்னப் பொருளும் கிளை பிரிந்து வருகிறது. ஸ்டாட்டின் அந்தப் பாதையை மறிக்கிறது, ஆகவே செலினியப் புரதங்களும் குறையுமோ என்று 2004-ல் ஒரு கருத்து வந்தது. அழகான கருத்து. ஆனால் கருத்து என்ற அளவில்தான் நிற்கிறது, அதை வைத்து நாங்கள் யாருக்கும் செலினியம் எழுதுவதில்லை. சொல்லப்போனால் சேர்த்துக் கொடுத்துப் பார்த்த ஒரு சோதனை நேர் எதிராகப் போனது. 2001-ல் வந்தது, 160 இதய நோயாளிகள், மூன்று வருடம். சிம்வாஸ்டாட்டின் என்ற ஸ்டாட்டினும் நியாசின் என்ற வைட்டமினும் கொடுத்ததில் எச்டிஎல் நன்றாக ஏறியது. அதோடு வைட்டமின் இ, சி, பீட்டா கரோட்டின், 100 மைக்ரோகிராம் செலினியம் எல்லாம் கலந்த ஆன்டிஆக்ஸிடன்ட் கலவையையும் சேர்த்துக் கொடுத்த குழுவில் அந்த ஏற்றம் மட்டுப்பட்டது. கலவையில் நான்கு பேர் இருந்ததால் செலினியத்தை மட்டும் குற்றவாளிக் கூண்டில் ஏற்ற முடியாது. ஆனாலும் ‘சேர்த்து எடுத்தால் கெடுதல் என்ன’ என்று கேட்கிறவர்களுக்கு நான் இதைத்தான் காட்டுவேன்.

நகத்துக்கு வருகிறேன். கால்சியம் இல்லை சார். நகம் உடைந்தால் எல்லோரும் கால்சியம் என்கிறார்கள், நகத்தில் இருப்பதெல்லாம் கெரட்டின் என்ற புரதம், அதைக் கந்தகம் இறுக்கிப் பிடித்திருக்கிறது. செலினியம் கந்தகத்தின் தம்பி மாதிரி, வேதியியல் அட்டவணையில் அதற்கு நேர் கீழே உட்கார்ந்திருக்கும். அளவுக்கு மேல் வந்தால் அண்ணன் இடத்தில் தம்பி போய் உட்கார்ந்துகொள்வான், பிடி தளரும். நகம் உடைவதும் முடி கொட்டுவதும் அதனால்தான் என்று சொல்வார்கள். 2008-ல் அமெரிக்காவில் ஒரு திரவ சத்து மருந்தில் லேபிளில் போட்டதைவிட 200 மடங்கு செலினியம் கலந்துவிட்டது. குடித்தவர்களில் 201 பேருக்கு விஷம் ஏறியது, பெரும்பாலோரின் புகார் வயிற்றுப்போக்கு, களைப்பு, முடி கொட்டுவது, நகம் நிறம் மாறி உடைவது. நம் நாட்டிலேயே பஞ்சாபில் நவான்ஷஹர், ஹோஷியார்பூர் பக்கம் சில கிராமங்களில் மண்ணே செலினியம் நிறைந்தது. அங்கே விளைந்த கோதுமையைத் தின்ற ஆட்களுக்கு நகமும், அந்த வைக்கோலைத் தின்ற மாடுகளுக்குக் குளம்பும் கழன்றிருக்கிறது.

உங்கள் அளவு அவ்வளவு இல்லை, பயப்பட வேண்டாம். உங்கள் நகம் அதனால்தான் உடைகிறது என்று அடித்துச் சொல்லவும் மாட்டேன், டிடர்ஜென்ட்டில் கை வைத்தாலும் உடையும், தைராய்டிலும் உடையும். ஆனால் ஒரு சோதனையை நீங்களே வீட்டில் செய்யலாம். கை நகம் மாதத்துக்கு மூன்று மில்லிமீட்டர் வளரும். கேப்ஸ்யூலை நிறுத்திய தேதியைக் காலண்டரில் குறித்து வையுங்கள். இரண்டு மாதம் கழித்துக் கட்டைவிரல் நகத்தை ஜன்னல் வெளிச்சத்தில் சாய்த்துப் பாருங்கள். அடித்தோலை ஒட்டிப் புதிதாக வந்த பகுதி வழவழவென்றும், நுனிப் பக்கம் பழையது வரி வரியாகவும் இருந்தால், எதனால் என்று உங்களுக்கே தெரிந்துவிடும்.

இன்னொன்று, வீட்டம்மாவிடம் கேளுங்கள், உங்கள் வாயில் பூண்டு வாடை வருகிறதா என்று. சிரிக்காதீர்கள். நான்கைந்து வருடத்துக்கு முன் ஒரு அம்மா தலைமுடி கொத்துக் கொத்தாகக் கொட்டுகிறது என்று வந்தார்கள். இரும்பு, தைராய்டு, வைட்டமின் டி எல்லாம் பார்த்தாயிற்று, ஒன்றிலும் குறை இல்லை. எதிரில் உட்கார்ந்து பேசும்போது பூண்டு வாடை. அன்றைக்குக் கார்த்திகை சோமவாரம், அவர்கள் நெற்றியில் விபூதி, காலையிலிருந்து விரதம் என்றும் சொன்னார்கள். விரதத்தன்று பூண்டு எப்படி என்று மனசுக்குள் ஓடிக்கொண்டே இருந்தது. கைப்பையைக் கவிழ்க்கச் சொன்னேன், மூன்று டப்பா வந்தது, முடிக்கு ஒன்று, தோலுக்கு ஒன்று, ‘இம்யூனிட்டி’க்கு ஒன்று, மூன்றிலும் செலினியம். அளவு மிஞ்சின செலினியத்தை உடம்பு மூச்சு வழியாகத் தள்ளும்போது அந்த வாடை வரும். முடி கொட்டுகிறதே என்று எடுத்த மாத்திரையால் முடி கொட்டிக்கொண்டிருந்தது. நிறுத்தினார்கள், மாதங்கள் ஆனது, முடி வந்தது. அன்றிலிருந்து யார் வந்தாலும் டப்பாக்களை எடுத்துக்கொண்டு வரச் சொல்கிறேன், வாயால் சொல்லும் பட்டியலை நம்புவதில்லை.

உங்கள் எச்பிஏ1சி 6.1 இருக்கிறதே, செலினியத்தை நிறுத்தச் சொல்ல எனக்கு அது ஒன்றே போதும். அமெரிக்காவில் தோல் புற்றுநோய் திரும்ப வராமல் தடுக்கலாம் என்று 1,300 பேருக்கு மேல் எடுத்துக்கொண்டு, அவர்களில் பாதிப் பேருக்குத் தினம் 200 மைக்ரோகிராம் வருடக்கணக்கில் கொடுத்துப் பார்த்தார்கள். பின்னால் அந்தக் கணக்கைத் திரும்ப எடுத்துப் பார்த்தபோது, செலினியம் எடுத்தவர்களுக்குப் புதிதாகச் சர்க்கரை நோய் வந்தது அதிகம், அதுவும் தொடக்கத்திலேயே செலினியம் நிறைய இருந்தவர்களுக்குத்தான் கூடுதலாக. 35,000 ஆண்களை வைத்து நடத்திய இன்னொரு பெரிய சோதனையில் இது அவ்வளவு தெளிவாகத் தெரியவில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். ஆனாலும் வாசலில் நிற்கிற சர்க்கரையை உள்ளே வா என்று கூப்பிட நீங்கள் ஏன் 200 மைக்ரோகிராம் செலவு செய்ய வேண்டும்?

ரிப்போர்ட்டில் ஒரு சின்ன விஷயம். உங்களுடையது ‘சீரம்’, அதாவது அணுக்களை நீக்கிய ரத்தத்தின் நீர்ப்பகுதி, என்று போட்டிருக்கிறது, நல்லது. சில பேக்கேஜ்களில் முழு ரத்தத்தில் பார்ப்பார்கள், அதன் அளவுகோலே வேறு. சீரத்தில் வருவது கடந்த சில வாரக் கதை. முழு ரத்தத்தில் சிவப்பணுக்களும் சேர்வதால் மூன்று நான்கு மாதக் கதையும் கலந்திருக்கும். அடுத்த முறை வேறு லேபில் முழு ரத்தத்தில் பார்த்துவிட்டு, ஐயோ இன்னும் இறங்கவில்லையே என்று பதற வேண்டாம். உண்மையைச் சொன்னால் அடுத்த முறை செலினியம் பார்க்கவே தேவையில்லை. விழுங்குவதை நிறுத்தினால் தானே இறங்கும். அந்தப் பணத்துக்கு லிப்பிட் புரொஃபைல் பாருங்கள், மாத்திரை தொடங்கி ஆறு முதல் எட்டு வாரத்தில்.

சாப்பாட்டில் என்ன மாற்றுவது என்று நீங்கள் கேட்கவில்லை, ஆனாலும் சொல்கிறேன். ட்ரைகிளிசரைடு 195-க்கு எண்ணெயைவிட அரிசியும் இனிப்பும் பெரிய காரணம், இரவில் தட்டு நிறையச் சாதம் போட்டுக்கொள்கிற பழக்கம் இருந்தால் அதைப் பாதியாக்குங்கள். மது உண்டென்றால் அதுதான் முதலில் போக வேண்டியது. வாரத்தில் இரண்டு நாள் மத்தி, சூரை மாதிரி மீன் குழம்பாக வைத்துச் சாப்பிட்டால் செலினியமும் தேவையான அளவு வந்துவிடும், ட்ரைகிளிசரைடுக்கும் நல்லது. சைவம் என்றால் பருப்பு, கோதுமை, காளான் போதும், இதற்காகத் தனியாக எதையும் தேடி ஓட வேண்டாம். கரத்தை அடியோடு விடச் சொல்ல எனக்கு மனசு வரவில்லை. வாரத்துக்கு ஒருநாள், எண்ணெய் குறைவாக.

மீதி இருக்கிற பிரேசில் நட்ஸ் விலை அதிகம் என்பது தெரியும், தூக்கிப் போட மனசு வராது. நீங்கள் மூன்று மாதத்துக்குத் தொட வேண்டாம். வீட்டில் பெரியவர்கள் வேறு செலினியம் எதுவும் எடுக்காதவர்கள் என்றால், வாரத்துக்கு இரண்டு கொட்டை போதும். வீணாகிறதே என்று குழந்தைகளிடம் டப்பாவைக் கொடுத்து உட்கார வைத்துவிடாதீர்கள். ஆறேழு வயதுக் குழந்தைக்கு அமெரிக்க மேல்வரம்பே 150 மைக்ரோகிராம்தான், இரண்டு கொட்டையில் முடிந்துவிடும். கேப்ஸ்யூல் டப்பாவையும் மல்டிவிட்டமின் டப்பாவையும் ஒரு பையில் போட்டு, அட்டோர்வாஸ்டாட்டின் எழுதிக் கொடுத்த டாக்டரிடம் எடுத்துப் போய் மேசை மேல் வையுங்கள். நகத்தையும் காட்டுங்கள். டிஎஸ்எச் ரிப்போர்ட் வந்ததும் எனக்கு ஒரு வரி எழுதினால் போதும்.